சேற்றுக்குள் ஓர் உழவன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்லாப்பா விரிகுடா. கடல் வற்றியதும் சேற்றுவெளி முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். உள்ளே இருப்பது பேய் இறால். வெளிறிய உடல், ஆணுக்கு ஒரு கை மட்டும் பெருத்திருக்கும். ஓயாமல் மண்ணைத் தோண்டி வெளியே தள்ளுவதே அதன் பிழைப்பு.

தரை இளகிப்போக, மேலே பரப்பிய சிப்பிகள் புதைந்து மூச்சுமுட்டிச் சாகின்றன. சிப்பி வளர்ப்பவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால், 1963 முதல் அவர்கள் தெளித்த கார்பரில் பூச்சிக்கொல்லி இறாலோடு நிற்கவில்லை. அதே சேற்றில் கிடந்த நண்டுக் குஞ்சுகளையும் கொன்றது. அடுத்து இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கேட்டார்கள். 2018இல் மாநிலச் சூழலியல் துறை மறுத்தது. சரியான முடிவு.

இறாலால் பயனும் உண்டு. அதன் வளை வழியே ஆக்சிஜன் ஆழ்சேற்றுக்குள் இறங்குகிறது. வடக்கே பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதியில், வசந்த காலத்தில் வரும் சாம்பல் திமிங்கிலங்கள் பக்கவாட்டில் புரண்டு, சேற்றை உறிஞ்சி வடிகட்டித் தின்பதும் இந்த இறாலைத்தான். அத்தனை பெரிய உடம்புக்கு விரல் நீள இறால்! ஓதம் வடிந்ததும் அவை விட்டுச்சென்ற பள்ளங்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

சிப்பியைத் தரையில் கொட்டாமல் கயிற்றிலோ பையிலோ வளர்க்கும் முறை வில்லாப்பாவிலேயே இருக்கிறது. செலவும் உழைப்பும் கூடும். அதில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்க வேண்டும்.