கதவில்லாத கடைகள்



உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அந்தக் காலத்தில் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வந்திருந்தால், "அங்கே எங்கே பசியாறினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பார்த்த கட்டடத்தை மறந்தவர்கூடச் சாப்பிட்ட கடையை மறந்திருக்க மாட்டார். சிராங்கூன் ரோட்டையும், தேக்கா மார்க்கெட்டையும், ஐந்தடியில் கிடந்த பெஞ்சையும் முகம் மலரச் சொல்லுவார்.

இன்று நீங்கள் போனால் அந்தக் கடையைத் தேடத்தான் வேண்டும். சாப்பாடு இருக்கிறது, ருசியும் இருக்கிறது. கடையின் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பழைய கடையின் தோற்றத்தை யாரும் அழகுக்காக அமைக்கவில்லை. காப்பிக் கடையின் வட்ட மேசைக்கு ஏன் பளிங்குக் கல்? சூட்டைத் தாங்கும், ஈரத் துணியால் ஒரு துடைப்புப் போதும். தரைக்கு ஏன் ஓடு? தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். சோற்றுக்கு ஏன் வாழையிலை? தட்டுக் கழுவ ஆள் வேண்டாம். நமக்கு முன்னே இதில் யார் சாப்பிட்டார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. முன்பக்கம் முழுவதும் ஏன் திறந்து கிடந்தது? அடுப்புப் புகை வெளியே போக வேண்டும், காற்று உள்ளே வர வேண்டும்.

திறந்து கிடந்த கடைக்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே நுழைய யாரும் தயங்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், நகராட்சியில் தெருக் கூட்டியவரும் வேலை முடிந்த உடுப்போடு வந்து உட்கார்ந்தார்கள். கடை அவர்களுக்காகத்தான் இருந்தது. வாட்டர்லூ ஸ்திரீட் சரபத் கடைகளில் இஞ்சித் தேநீர் குடிக்க நின்றவர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே.

மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1968, 1969ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் அரசாங்கம் தெருவோர அங்காடிக்காரர்களைப் பதிவு செய்தது. பிறகு உணவங்காடி நிலையங்களைக் கட்டி, அவர்களைப் படிப்படியாக அங்கே மாற்றியது. 1986-க்குள் அந்த வேலை முடிந்தது. 1915-இல் திறந்த பழைய கண்டாங் கெர்பாவ் மார்க்கெட்டும் 1982-இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்குப் போனது. சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். நம் மக்கள் வாயில் அது என்றும் தேக்காதான். 2000-இல் அரசாங்கமே தேக்கா நிலையம் என்று மாற்றிக்கொண்டது.

இதைக் குறை சொல்ல முடியுமா? தெருக்கடைக்குக் குழாய் கிடையாது. ஒரே வாளித் தண்ணீரில் அத்தனை தட்டுகளும் முங்கி எழுந்தன. மிச்சம் மீதி சாக்கடைக்குப் போனது, எலி பெருத்தது. "அந்த நாளைப் போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்த வாளியை மறந்துவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய் மறக்க மாட்டாள்.

கடைவீடுகளில் இருந்த கடைகளுக்கு வேறு சோதனை வந்தது. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய கட்டடங்களில் வாடகை குறைவாக இருந்தது. 2001-இல் அந்தச் சட்டம் நீங்கியது. வாடகை ஒரு பக்கம் என்றால், ஆள் இல்லாதது இன்னொரு பக்கம். விடியுமுன் எழுந்து மாவு பிசையக் கடைக்காரரின் பிள்ளைகள் வரவில்லை. படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அதிலும் என்ன தவறு? பால்மரக் காட்டில் கத்தி பிடித்த தாய், தன் மகள் அந்தக் கத்தியைத் தொடக் கூடாது என்றுதானே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தாள்?

லிட்டில் இந்தியாவை 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்று அறிவித்தார்கள். அதனால் சன்னலும் தூணும் பிழைத்தன. அடுப்படியில் நிற்கும் கையை எந்தச் சட்டமும் கட்டி வைக்க முடியாது. 2020-இல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் பட்டியல் வந்து ரொட்டி பிராட்டா வீசுமா? 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் போன்றவை நிலைத்ததற்குக் காரணம், பொறுப்பை ஏற்க அடுத்த தலைமுறையில் ஆள் இருந்ததே.

இப்போது ஒரு புது வேடிக்கை. பெரிய கடைத்தொகுதிகளில் பளிங்கு மேசை, பழைய மங்குக் கோப்பை, துருப்பிடித்ததுபோல் சாயம் பூசிய விளம்பரத் தகடு எல்லாம் வைத்துப் "பழைய கடை" திறக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தொழிலாளிக்கு அந்தப் பளிங்கு மேசையால் என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். அன்று துறைமுகத் தொழிலாளி உட்கார்ந்த இடத்தில், இன்று தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளி உட்கார்ந்திருக்கிறார். மேசை பிளாஸ்டிக்காக இருக்கலாம். விளக்கு குழல் விளக்காக இருக்கலாம். அவர் தயங்காமல் உட்கார்ந்து, கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட முடிகிற கடைதான் பழைய கடையின் உண்மையான வாரிசு.

தாய்மார்களே, தம்பி தங்கைகளே! உங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையும் இப்படி ஒரு நாள் இல்லாமல் போகலாம். எத்தனையோ தோட்டங்களே துண்டாடப்பட்டு மறைந்துவிட்டனவே. இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கடைக்காரர் பெயரையும், ஆண்டையும், ஒரு கோப்பைத் தேநீரின் விலையையும் எழுதி வையுங்கள். சிங்கப்பூர் போகும்போது, உழைப்பாளிகள் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து நீங்களும் உட்காருங்கள். நாம் கொடுக்கும் காசில்தான் அந்த அடுப்பு நாளைக்கும் எரியும்.