ஓடைத் தண்ணீரில் மேல்காட்டுக்காரருக்குத்தான் முதல் உரிமையா?

கேள்வி: "ஒன்றரை ஏக்கரில் கார்த்திகையில் மலைப்பூண்டு ஊன்றியிருக்கிறோம். பக்கத்து ஓடைதான் ஆதாரம். தை பிறந்தால் மேல்காட்டுக்காரர் இரண்டு ஆயில் இன்ஜின் வைத்து இராத்திரி பகலாக இறைக்கிறார். கேட்டால், 'எங்க காட்டைத் தாண்டித்தானேம்மா உங்களுக்குத் தண்ணி வருது' என்கிறார். அவருக்குத்தான் முதல் உரிமையா?"
– ஒரு வாசகி, கவுஞ்சி, கொடைக்கானல் மேல்மலை

பதில்: இல்லை. மேலே இருப்பதாலேயே ஒருவருக்கு முதல் உரிமை வந்துவிடாது. இயற்கையாக ஓடும் ஓடையின் கரையில் நிலம் வைத்திருக்கும் எல்லோரும் குடிக்கவும், மாட்டுக்குக் காட்டவும், பாசனம் செய்யவும் தண்ணீர் எடுக்கலாம். ஆனால், கீழே உள்ளவருக்குப் பெரிய பாதிப்பு வராதபடிதான் பாசனத்துக்கு எடுக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் 7-ஆம் பிரிவின் சாரம் இதுதான். ஆற்று நீரையும் ஓடை நீரையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதையும் அதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆக, ஓடையை முழுக்க வற்ற அடிக்கும் உரிமை மேல்காட்டுக்காரருக்குக் கிடையாது. கீழ்காட்டுக்காரரும் 'எனக்கு இவ்வளவு வந்தே தீர வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்க முடியாது.

இதே வழக்கு மலைக்குக் கீழே பெரிய அளவில் நடக்கிறது. மேல்மலையின் மேற்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் தேனாற்றோடு அமராவதி அணைக்குப் போகிறது. மறையூர்ப் பக்கத்திலிருந்து பாம்பாறும் சின்னாறும் வந்து சேருகின்றன. 90 அடி உயர அணை, கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி. இதை நம்பித் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 54,637 ஏக்கர் இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன்பே ராஜவாய்க்கால்களில் பாய்ந்த பழைய ஆயக்கட்டு 29,387 ஏக்கர். அணை வந்த பிறகு சேர்ந்த புதிய ஆயக்கட்டு 25,250 ஏக்கர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிரம்பிய அணையை ஒரு சொட்டு வீணாகாமல் அத்தனை ஏக்கருக்கும் பரப்பினால் 20 அங்குலம் நிற்கும். நெல்லுக்கோ ஒரு போகத்துக்கு 48 அங்குலம் அளவுக்குத் தேவை. அதாவது அணை ஒரு முறை நிரம்பினால் போதாது. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் வரத்து தொடர்ந்து இருக்க வேண்டும். அதனால்தான் 'அணை நிறைந்து கிடக்கிறது, ஏன் திறக்கவில்லை?' என்று கேட்பதும், 'இப்போதே எதற்குத் திறந்தீர்கள்?' என்று கேட்பதும் அங்கே ஒரே வாரத்தில் நடக்கும். இருந்தும் வெட்டுக்குத்து இல்லாமல் ஓடுவதற்குக் காரணம், எந்த நாள் திறப்பு, எந்த நாள் அடைப்பு, எந்த ஆயக்கட்டுக்கு எத்தனை கன அடி என்று அரசாணையாகவே எழுதிவிடுவதுதான். பருவம் பொய்த்தால் நிலைப்பயிரைக் காப்பாற்ற உயிர்த்தண்ணீர் மட்டும் விடுவார்கள். மாநிலங்களுக்கு இடையிலும் அப்படியே. 2007-இல் வந்த காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் பாம்பாற்றுப் படுகையில் கேரளத்துக்கு 3 டி.எம்.சி. என்று அளந்துதான் கொடுத்தார்கள்.

கவுஞ்சி ஓடையில் இல்லாதது அந்த அளவும் எழுத்தும்தான். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் பங்கு பேசினால் அது சண்டையில்தான் முடியும். ஓடை சிறு பள்ளமாக விழும் இடத்தில் மண் அணைத்து, ஒரு குழாய் வழியாக மொத்தத் தண்ணீரையும் 200 லிட்டர் டிரம்மில் விழ விட வேண்டும். அளக்கும்போது மேலே இன்ஜின் ஓடக் கூடாது. மேல்காட்டுக்காரரும் பக்கத்தில் நிற்பது நல்லது, பிறகு கணக்கில் தகராறு வராது. டிரம் 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்ச ஏறக்குறைய 1,03,000 லிட்டர், அதாவது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாசகியின் ஒன்றரை ஏக்கருக்கு ஒன்பது மணி நேரம். வாரம் ஒரு பாய்ச்சல் என்றால் அந்த ஓடை கணக்குப்படி 25 ஏக்கருக்கு மேல் தாங்கும். கசிவும் வீணும் போகப் பாதியாவது மிஞ்சும். 'தண்ணி விடுங்கண்ணே' என்று கெஞ்சுவதைவிட, 'வாரம் ஒன்பது மணி நேரம் எங்க முறை' என்று கேட்பது எளிது. மறுப்பதும் கடினம்.

பிப்ரவரியில் வரத்து பாதியாகும்போது மறுபடியும் அளக்க வேண்டும். எல்லோர் நேரமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். முறையை ஒரு தாளில் எழுதி, ஓடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். பெரியவர் வாய்ச்சொல் போதும் என்பார்கள். அந்தப் பெரியவர் இருக்கும் வரைதான் அது போதும்.

பேச்சு படியவில்லை என்றால், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தில் அந்த ஓடை புறம்போக்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வட்டாட்சியரிடம் மனு, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு. நீதிமன்றம் கடைசி, வழக்கு முடிவதற்குள் எத்தனையோ போகம் போய்விடும். ஊற்று காப்புக்காட்டுக்குள் இருந்தால், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ஹோஸ் இழுப்பதும் தடுப்புக் கட்டுவதும் குற்றம். ஓடை திடீரென நின்றாலும் உடனே மேல்காட்டுக்காரர் மேல் பாய வேண்டாம். 2024 செப்டம்பரில் கிளாவரைக்காரர்கள் தண்ணீர் வரவில்லையே என்று காட்டுக்குள் போய்ப் பார்த்தபோது, அங்கே நிலமே சுமார் 300 அடி நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

தேவையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. பூண்டின் வேர் ஆழம் போகாது. ஒரேயடியாகத் தேக்குவதைவிடக் குறைத்து அடிக்கடி கொடுப்பதே நல்லது. மழைத்தூவான் போட்டால் அதே தண்ணீர் இன்னும் அதிக நாள் வரும். சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீத மானியம் உண்டு, சான்றிதழோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பதிய வேண்டும். பல் திரளும் நாட்களில் மட்டும் ஈரம் குறையவே கூடாது. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பூண்டு இருப்பு வைக்கத் தாங்காது. முன்னால் ஊன்றியவர் நிறுத்தும் அந்த இரண்டு வாரத்து முறை, பின்னால் ஊன்றிய வாசகியைப் போன்றவர்களுக்குப் போக வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.