முறைப்பாட்டு மேசை பிரதேச செயலகத்துக்கு வரட்டும்

இலங்கையில் அடிப்படை உரிமை மீறப்பட்ட ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கொடுக்கும் அவகாசம் ஒரே ஒரு மாதம். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பொலிஸாரிடம் அடிபட்டவரானாலும், காரணம் சொல்லப்படாமல் பதவி உயர்வு மறுக்கப்பட்ட அரச ஊழியரானாலும், அந்த ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைப் பிடித்து, ஆவணங்களைத் திரட்டி, மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். கையில் காசுள்ள கொழும்புவாசிக்கே இது மூச்சு முட்டும் காரியம். இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 13ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆகவே, தலைநகருக்குத் தொலைவில் வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மலையக மக்களுக்கும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம்தான் உயர் நீதிமன்றத்தின் வாசல். அந்த வாசல் எங்கே இருக்கிறது, அங்கே எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே பலருக்கு இந்த உரிமை இருப்பதும் இல்லாமற்போவதும்.

25 மாவட்டங்களுக்குப் பிராந்திய அலுவலகங்கள் பத்து: யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை, அநுராதபுரம், கண்டி, பதுளை, மாத்தறை. மன்னார் நகரிலிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஹற்றனிலிருந்து கண்டி 70 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதுவும் மலைப்பாதை. வரைபடத்தில் பார்த்தால் பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நிறை குறைந்தாலே அரைப் பேர், அதாவது பாதி நாட்கூலி, போடும் இடம் அது. வேலைக்கு வராத நாளுக்குப் பேரே கிடையாது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் காசும் கொடுத்து, லயத்திலிருந்து விடியமுன் இறங்கிப் போனால், ஒரு பிரதி குறைகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்ற பதில் வரலாம். விசாரணைத் திகதிக்கு மறுபடியும் ஒரு பயணம். இப்படிப்பட்டவர் முறைப்பாடே செய்யாமல் இருந்துவிட்டால், குறையே இல்லை என்று அர்த்தமாகாது. முறைப்பாட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மாவட்டத்தின் நிலையை மதிப்பிடும் அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தூரத்தைவிடச் சிக்கலானது மொழி. அரச அதிகாரிகளுடன் சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. 1988இல் 16ஆவது திருத்தத்தோடு வந்த ஏற்பாடு அது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இதையே பொலிஸ் நிலைய அளவுக்குக் கொண்டுபோய்ப் பரிந்துரைத்தது: ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்பட வேண்டும். அரசியலமைப்பு 23 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த உரிமையை ஓர் ஆணைக்குழு புதிதாகப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்பதே நடைமுறையின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கும்போது பாதிப்பு அன்றோடு முடிவதில்லை. பின்னர் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ நீதிமன்றத்திலோ அவர் சொல்வதும் அந்தக் காகிதத்தில் இருப்பதும் முரண்பட்டால், பொய் சொன்னவர் என்ற பெயர் அவருக்குத்தான். மொழி உரிமை மறுக்கப்பட்டது என்று முறையிடப் போனாலோ, அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருப்பது கொழும்பை ஒட்டிய இராஜகிரியவில்.

தொலைபேசி இருக்கிறதே, எதற்கு அலுவலகம் என்று கேட்பவர்கள் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கமும், பொலிஸுக்குத் தமிழில் முறையிட 107 என்ற இலக்கமும் பயனுள்ளவைதான். ஒருவர் கைதாகி எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரியாத இரவில் அந்த அழைப்பு உயிரைக் காக்கலாம். ஆனால் 13ஆம் பிரிவின் பயனைப் பெறுவது வேறு சங்கதி. முறைப்பாடு ஒப்படைத்ததற்கான வெறும் பற்றுச்சீட்டு போதாது, ஆணைக்குழு உண்மையிலேயே விசாரணையைத் தொடங்கி, அது நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது. அப்படியானால், முறைப்பாட்டாளருக்குத் தேவை திகதியிட்ட எழுத்து ஆவணம், கோப்பு இலக்கம், விசாரணை ஆரம்பமானதற்கான கடிதம். இவற்றை வாங்கித் தரக்கூடிய, சட்டம் தெரிந்த, தமிழில் கேட்டுத் தமிழில் எழுதும் ஓர் அதிகாரி நேரில் இருந்தால்தான் காரியம் நடக்கும். அழைப்பு எடுத்ததோடு நிம்மதியாக இருந்துவிட்டு, சில மாதங்கள் கழித்துச் சட்டத்தரணியிடம் போய், மனு காலம் கடந்துவிட்டது என்று கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை.

2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டில் புதிய அலுவலகங்களுக்குப் பணம் ஏது என்ற கேள்வி நியாயமானது. புதிய கட்டடம் எவரும் கேட்கவில்லை. அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடமாடும் சேவை நடத்திப் பழகிய நிர்வாகம் இது. தமிழ் பேசும் மக்கள் வாழும் பிரதேச செயலகங்களில் மாதம் இரண்டு நாள், முன்கூட்டியே அறிவித்த திகதியில், ஆணைக்குழு அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்காரலாம். ஒரு மாத எல்லை இருப்பதால் மாதம் ஒருமுறை போதாது. ஒரு திகதியைத் தவறவிட்டவருக்கு இன்னொன்று இருக்க வேண்டும். தோட்டப்புறத்தில் அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஒருவருக்கும் பேர் போகாது. மாகாண மட்டத்தில் துணைக்குழுக்களை அமைத்து அதிகாரத்தைப் பகிர ஆணைக்குழுச் சட்டமே இடம் தருகிறது. அதற்காகப் பாராளுமன்றத்தில் புதிய சட்டமூலம் தேவையில்லை. ஒரு மாதக் கெடுவை நீட்டுவதும் அவசியம்தான், ஆனால் அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதுவரை மேசை காத்திருக்கத் தேவையில்லை.

ஆணைக்குழுவின் பரிந்துரைகளையே திணைக்களங்கள் குப்பையில் போடுகின்றன, பல்லில்லாத அமைப்பை ஊர் ஊராகக் கொண்டுபோய் என்ன பயன் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பரிந்துரையைக் கட்டாயமாக நிறைவேற்றவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் 13ஆம் பிரிவு எந்தத் திணைக்களத்தின் தயவையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. விசாரணை முறையாகத் தொடங்கிவிட்டாலே சட்டப்படி காலக்கெடு நின்றுவிடுகிறது. இந்த மேசை சிறுபான்மையினருக்குக் காட்டும் சலுகை என்பாருக்கும் ஒரு வார்த்தை: வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அங்கே வாழும் சிங்களவர் தம் மொழியில் முறையிடும் உரிமையும் இதே 22ஆம் உறுப்புரையில்தான் இருக்கிறது. நாட்டில் நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர். அவர்கள் கேட்பது அரசியலமைப்பில் ஏற்கெனவே எழுதியிருப்பதை. வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் ஒதுக்கீடு எடுக்கப்படும்போது, வடக்கு, கிழக்கு, மலையக உறுப்பினர்கள் கட்சி பேதம் பாராமல் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: எந்தப் பிரதேச செயலகத்தில், எந்த மாதத்திலிருந்து?