அறிவோம், தெளிவோம்: நம் பெயரால் பேசுகிறவர் யார்?



பங்குகள்தோறும் விவிலிய வினாடி வினா நடைபெறுகிறது. பன்னிரு திருத்தூதர்களின் பெயர்களை நம் சிறுவர் ஒரே மூச்சில் ஒப்புவிக்கின்றனர். கேட்டு மகிழ்கிறோம். ஆனால் அச்சிறுவரின் பெற்றோரை நோக்கி, “உங்கள் சட்டமன்றத் தொகுதி எது? அதன் உறுப்பினர் யார்? பாராளுமன்றத்தில் உங்கள் பெயரால் பேசுகிறவர் யார்?” என்று வினவினால், பல இல்லங்களில் மௌனமே விடையாகிறது. கட்சித் தலைவர்களின் பெயர்கள் தெரிகின்றன, சின்னங்கள் தெரிகின்றன, நம் சார்பில் அவையில் அமர்ந்திருப்பவர் மட்டும் தெரிவதில்லை.

ஆகவே இம்மாதம் ஆறு வினாக்களை உங்கள் முன் வைக்கின்றோம். இரவு உணவுக்குப்பின் குடும்பமாக அமர்ந்து விடை கூறிப் பாருங்கள். எல்லை ஊராகிய செங்கோட்டையிலிருந்தே தொடங்குவோம்.

வினாக்கள்

1. 1954-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் செங்கோட்டை மக்கள் எந்த மாநிலத்தின் சட்டமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்?

2. நாகர்கோவில் தொகுதியிலிருந்து 1952-இலும் 1962-இலும் திரு. ஏ. நேசமணியும், 1971-இல் பெருந்தலைவர் காமராசரும் மக்களவைக்குச் சென்றனர். அம்மூன்று ஆண்டுகளிலும் அத்தொகுதி இருந்த மாநிலத்தின் பெயர் என்ன?

3. 1957-இல் அமைந்த காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்ற கத்தோலிக்கப் பெண்மணி யார்? அவரது தொகுதி எது?

4. மாநிலங்களவையில் டாக்டர் மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரையிலும், திரு. ப. சிதம்பரம் 2016 முதல் 2022 வரையிலும் எந்த மாநிலங்களின் உறுப்பினராக இருந்தனர்? மதுரையில் பிறந்த திருமதி நிர்மலா சீதாராமன் 2016-இலும் 2022-இலும் தேர்வு பெற்றது எம்மாநிலத்திலிருந்து?

5. இசையமைப்பாளர் இளையராஜா 2022-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவர் எந்த மாநிலத்தின் பிரதிநிதி?

6. செங்கோட்டை நகரம் இன்று எந்தச் சட்டமன்றத் தொகுதியில், எந்த மக்களவைத் தொகுதியில் அடங்கும்?

விடைகள்

1. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். செங்கோட்டையின் உறுப்பினர் அந்நாளில் மலை கடந்து திருவனந்தபுரம் சென்றே பேசவேண்டியிருந்தது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தெற்கேயுள்ள நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் அது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இருந்த இடத்தை விட்டு அசையாமலே ஓர் ஊர் மாநிலமும் மாவட்டமும் மாறியிருக்கிறது!

2. 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1962-இல் சென்னை மாநிலம், 1971-இல் தமிழ்நாடு. தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணையவேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர்களுள் முதன்மையானவர் நேசமணி. சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது 1969 சனவரியில். ஒரே தொகுதிக்கு இருபது ஆண்டுகளுக்குள் மூன்று மாநிலப் பெயர்கள்.

3. திருமதி லூர்தம்மாள் சைமன், குளச்சல் தொகுதி. இணைப்பு நடந்த மறு ஆண்டே, இணைந்த பகுதியிலிருந்து ஒரு பெண்மணி அமைச்சரானார். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. கடற்கரை மக்களின் குரல் கோட்டைக்குள் ஒலித்தது நமக்குப் பெருமையன்றோ!

4. மன்மோகன் சிங் அசாம் மாநில உறுப்பினர். பத்தாண்டுகள் பிரதமராக இருந்தபோதும் அவர் அசாமின் உறுப்பினரே. 2019-இல் இராசஸ்தானிலிருந்து சென்றார். சிதம்பரம் மராட்டிய மாநிலம். நிர்மலா சீதாராமன் கருநாடகம். இது எவ்வாறு இயலும் எனச் சிலர் வியக்கலாம். மாநிலங்களவை உறுப்பினர்களை நாம் நேரில் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். வேட்பாளர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதி 2003-இல் நீக்கப்பட்டது. அம்மாற்றம் செல்லும் என்று 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற மண்ணில் பிறந்தவர் நமக்காகப் பேசிய சிறப்பும் உண்டு. மங்களூரில் பிறந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளார், அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் சார்பிலேயே அமர்ந்திருந்தார்.

5. எந்த மாநிலத்தின் பிரதிநிதியும் அல்லர். கலை, இலக்கியம், அறிவியல், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்த பன்னிருவரைக் குடியரசுத் தலைவர் அவ்வவைக்கு நியமிக்கலாம். இளையராஜா அவ்வாறு நியமனம் பெற்றவர்.

6. “இரண்டும் தென்காசியே” என்று கூறியிருந்தால் பாதி மதிப்பெண்தான்! மக்களவைத் தொகுதி தென்காசி. சட்டமன்றத் தொகுதியோ கடையநல்லூர். மாவட்டமும் தொகுதியும் ஒன்றென எண்ணுவது பலருக்கும் நேரும் மயக்கம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் உள்ளது. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் உள்ளன.

இவற்றை அறிவதால் பயன் என்ன எனக் கேட்கலாம். செங்கோட்டை-புனலூர் இருப்புப்பாதையை நினைவுகூருங்கள். அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் அங்கு வண்டிகள் நின்றன. முழுப்பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது 2018-இல். இரயில்வே மத்திய அரசின் துறை. அதுபற்றிக் கேட்கவேண்டியவர் மக்களவை உறுப்பினர். அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லையெனில் சட்டமன்ற உறுப்பினரை அணுகவேண்டும். தெருச் சாக்கடை அடைத்தால் நகர்மன்ற உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். யாரிடம் கேட்பது என்று அறியாதவன் மனு தபால் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. கேட்பாரற்ற பிரதிநிதியும் நாளடைவில் மக்களை மறந்துவிடுகிறார். பழியில் பாதி நம்முடையது.

பொதுநலத்தை வளர்க்கத் தம் வாக்குரிமையைப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு உணர்த்துகிறது. அக்கடமை விரலில் மை இட்டதோடு முடிவதன்று, ஐந்தாண்டுகளும் தொடர்வது. ஆட்சிப் பொறுப்பில் உள்ளோருக்காக மன்றாடுமாறு புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். பெரிய வெள்ளியன்று திருச்சபை முழுவதும் அவர்களுக்காக மன்றாடுகிறது. பெயரே தெரியாத ஒருவருக்காக எப்படி உள்ளம் உருகி மன்றாடுவது?

எனவே உங்கள் நகர்மன்ற அல்லது ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மக்களவை உறுப்பினர் ஆகிய மூவரின் பெயர்களையும் நாம் இங்கு அச்சிடவில்லை. உங்கள் பிள்ளைகளே தேடி எழுதட்டும். எழுதிய தாளைக் குடும்ப செபம் சொல்லும் இடத்தில் வையுங்கள். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அம்மூவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அடுத்த வாரம், உங்கள் தெருவின் தேவை ஒன்றை எழுதி, அதற்குரியவரின் கையில் நேரில் கொடுத்து வாருங்கள்.