வெளிநாட்டு உறவுப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியா?

பி.யு.சி. தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், பெங்களூரில் நம்மவர்கள் வசிக்கும் வட்டாரங்களில் எல்லாம் ஒரே பேச்சுதான். பிள்ளையை எங்கே சேர்ப்பது? பி.காம். சேர்ப்பதா, கம்ப்யூட்டர் சேர்ப்பதா? இந்த இரண்டையும் விட்டால் வேறு படிப்பு இருப்பதாகவே பலர் எண்ணுவதில்லை.

இப்போது ஒரு புதுப் பெயரும் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. சர்வதேச உறவுகள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் ஒருவர், வட ஆற்காட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பொண்ணு என்னமோ இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிக்கணுங்குது. நமக்கு இருக்கிற உறவையே கட்டிக் காப்பாத்த முடியல. இது என்ன உறவு? சாமியாருங்க காலேஜ்லதான் சேர்க்கணும்னு எங்க வீட்டுல ஒரே பிடிவாதம். அங்க பீஸ் கேட்டா தலை சுத்துது."

அவர் கேட்டதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இந்தப் படிப்பு நமக்கு ஆகுமா? கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கக் கல்லூரியில்தான் படிக்க வேண்டுமா? பணத்துக்கு எங்கே போவது? அவருக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்புவதை விட, வாசகர்கள் எல்லோருக்குமாக எழுதலாம் என்று தோன்றியது.

முதல் கேள்விக்குப் பதில் கச்சத்தீவில் இருக்கிறது. 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவில் குடியிருப்பு எதுவும் கிடையாது. புனித அந்தோணியார் கோவில் மட்டும் உண்டு. ஆண்டுதோறும் மாசி வாக்கில் நடக்கும் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகில் போய் வந்தவர்கள் நம் பங்குகளிலும் இருப்பார்கள். 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கையின் பயணப் பத்திரமோ விசாவோ தேவையில்லை என்று சொல்கிறது. ஆனால் வந்து போகலாம் என்பதற்குள் மீன் பிடிக்கலாம் என்பதும் அடங்குமா? அடங்காது என்பது இலங்கையின் வாதம். 1976-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டன. இந்த நான்கைந்து வரிகளுக்கு என்ன பொருள் என்ற தகராறில்தான் இன்றைக்கும் நம் மீனவர்களின் படகு பிடிபடுகிறது, வலை போகிறது, ஆள் சிறைக்குப் போகிறார். வெளிநாட்டு உறவு என்பது இதுதான். தூதரக விருந்தும் கோட்டு சூட்டும் அதில் ஒரு சிறு பகுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கையில் தேயிலை பறித்த ஒன்பதே முக்கால் லட்சம் தமிழர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பத்து ஆண்டு நிறுத்தி வைத்து, 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். வேர்க்கடலை மூட்டையைக் கூட நாங்கள் பார்சல் ஆபீசில் அதைவிடக் கவனமாகப் பிரிப்போம். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, தென் கன்னட மாவட்டம் புத்தூர், சுள்ளியா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். இன்றும் அங்கே வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட மேசையில் தோட்டத் தொழிலாளியின் மகன் ஒருவனாவது உட்கார்ந்திருந்தானா? இல்லை. அதனால்தான் தண்டவாளத் தொழிலாளியின் மகள் இதைப் படிக்க ஆசைப்படுவதைக் கேலி செய்யாதீர்கள் என்கிறேன்.

உத்தியோகம் கிடைக்குமா?

பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஐ.எப்.எஸ். என்னும் வெளிநாட்டுப் பணிக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள். எழுதுவோர் பல லட்சம். ஆனால் அந்தத் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். சர்வதேச உறவில்தான் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இல்லை. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடம் உண்டு. இது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்த கல்லூரிகளும் விளம்பரத்தில் போடுவதில்லை!

தேர்வில் தேறாதவர்களுக்கும் வேலை இல்லாமல் போகாது. பத்திரிகை, மொழிபெயர்ப்பு, கல்லூரி ஆசிரியர் வேலை, அகதிகளுக்கும் வெளிநாடு போகும் தொழிலாளருக்கும் உதவும் நிறுவனங்கள் என்று பல வழிகள் உண்டு. இயேசு சபையார் 1980-ல் தொடங்கிய அகதிகள் சேவை அமைப்பு, தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் வேலை செய்திருக்கிறது. சம்பளம் கம்ப்யூட்டர் கம்பெனி அளவுக்கு இராது. அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெங்களூரில் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. செயின்ட் ஜோசப் 1882-ல் பாரிஸ் மறைபரப்புச் சபையார் தொடங்கியது. 1937-ல் இயேசு சபையார் கைக்கு வந்து, 2022-ல் பல்கலைக்கழகமாகிவிட்டது. சர்வதேச உறவு, அமைதி, பொதுக்கொள்கை மூன்றையும் சேர்த்து அங்கே கற்பிக்கிறார்கள். ஓசூர் ரோட்டில் கிறைஸ்ட் 1969-ல் வந்தது, 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கும் சர்வதேசப் படிப்புக்கென்று துறை உண்டு. கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மவுண்ட் கார்மல், 1948 முதல் இந்த ஊரில் இருக்கிறது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு.

இவை எல்லாம் நல்ல கல்லூரிகள்தான். ஆனால் சேரும் முன்பு ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். நிருபமா ராவ் அவர்கள் மவுண்ட் கார்மலில் படித்தது ஆங்கில இலக்கியம். 1973-ல் வெளிநாட்டுப் பணிக்குத் தேர்வானார். இலங்கையில் ஹை கமிஷனராக இருந்தார், சீனாவில் தூதராக இருந்தார், 2009-ல் வெளியுறவுச் செயலாளரானார். அதற்கும் முன்பு, மங்களூரில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அடிகளார், 1949 முதல் நான்கு முறை ஐக்கிய நாடுகள் சபைக்கு இந்தியக் குழுவில் ஒருவராகப் போய் வந்தார். நம் அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். இவர்கள் எவரும் சர்வதேச உறவு என்று அச்சடித்த பட்டத்தை வைத்துக்கொண்டு போகவில்லை.

ஆகவே என் கருத்து இது. பி.ஏ.வுக்குப் பெயர் என்ன என்று பார்க்க வேண்டாம். வரலாறு, அரசியல், பொருளாதாரம் இவற்றில் ஏதாவது ஒன்றும், நல்ல ஆங்கிலமும் சொல்லித்தரும் கல்லூரி, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், கடன் வாங்காமல் கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைத்தால் அதில் சேருங்கள். அது அரசுக் கல்லூரியாக இருந்தாலும் சரி. செலவை எம்.ஏ.வுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த எம்.ஏ.வும் மத்திய பல்கலைக்கழகத்தில் அதிகச் செலவு வைக்காது. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1955-ல் பிறந்த சர்வதேசப் படிப்புப் பள்ளி இருக்கிறது. பொது நுழைவுத் தேர்வில் தேறினால் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். விடுதியும் சாப்பாடும் தனி. கர்நாடகா எக்ஸ்பிரசில் ஏறினால் இரண்டு இரவு. புதுச்சேரி மத்திய பல்கலைக்கழகம் அதைவிடப் பக்கம். கல்கத்தா ஜாதவ்பூரில் 1956 முதலே இதற்கென்று தனித் துறை உண்டு.

பி.ஏ. படிக்கும் மூன்று ஆண்டில் ஒரு மொழி கற்றுக்கொள்வது பட்டத்தின் பெயரைவிடப் பலன் தரும். பிரெஞ்சு, ஜெர்மன் கற்றுத்தரும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. எல்லோரும் பிரெஞ்சுக்கே ஓடுகிறார்கள். தமிழும் சிங்களமும் இரண்டும் வாசிக்கத் தெரிந்த இந்தியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் பி.ஏ. முடிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி வேறொரு நாள் எழுத வேண்டும்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் கல்விப்படி பட்டப்படிப்புக்கு வராது. ஆனால் வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி பாஸ் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

விசுவாசம் போய்விடுமா?

அரசுக் கல்லூரிக்குப் போனால் பிள்ளை கோவிலை மறந்துவிடும் என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின் 813-ஆம் விதி என்ன சொல்கிறது? கத்தோலிக்கமல்லாத பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்களையும் ஆயர் கவனிக்க வேண்டும், அவர்களுக்கென்று குருக்களை நியமிக்க வேண்டும் என்கிறது. அரசுக் கல்லூரியில் நம் பிள்ளைகள் படிப்பார்கள் என்று ரோமாபுரிக்கே தெரிந்திருக்கிறது. வத்திக்கான் தானே 180-க்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு வைத்திருக்கிறது. அந்த நாடுகளில் எல்லாம் கத்தோலிக்கரா ஆள்கிறார்கள்? பூசைக்குப் போகும் பழக்கத்தைக் கல்லூரி கொடுப்பதில்லை. வீடு கொடுக்கிறது.

கத்தோலிக்கக் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் படிப்பதில் தனி லாபம் இல்லாமலும் இல்லை. 1963-ல் இருபத்து மூன்றாம் அருளப்பர் பாப்பரசர் உலக சமாதானத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடல், நல்ல மனமுள்ள எல்லோருக்கும் என்று விலாசமிட்டு வந்தது. குடிபெயர்ந்தோரின் உரிமை, ஆயுதக் குறைப்பு எல்லாம் அதில் உண்டு. வாஷிங்டனில் வெளிநாட்டுப் பணிக்கென்று பள்ளி தொடங்கியதும் இயேசு சபையாரே, 1919-ல். இந்தச் சிந்தனையை வகுப்பில் விவாதிக்கும் கல்லூரி என்றால் விசேஷம்தான். சுவரில் சிலுவையும் வகுப்பில் வெறும் நோட்ஸும் என்றால் அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேட்பது பிச்சை அல்ல

இனி கல்லூரிகளுக்குச் சொல்ல வேண்டியது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்லூரி நடத்தும் உரிமை தருகிறது. 1991-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில், சொந்த சமூகப் பிள்ளைகளுக்குப் பாதி இடம் வரை கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டின் 93-ஆவது சட்டத் திருத்தம், தனியார் கல்லூரிகளில் இட ஒதுக்கீடு கொண்டுவர வழி செய்தபோது சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு விலக்குக் கொடுத்தது. இவ்வளவு சலுகையும் யார் பெயரால்? சிறுபான்மைச் சமூகத்தின் பெயரால். அந்தச் சமூகத்தில் சிவாஜிநகர் கூலிக்காரரும் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் பேரனும் சேர்த்தி இல்லையா?

தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த கத்தோலிக்கப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவருக்கு ஷெட்யூல்டு வகுப்புச் சான்றிதழ் இல்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தோற்றார். இந்தப் பிரச்சினையை ஆராய மத்திய அரசு 2022-ல் ஒரு கமிஷன் போட்டது. அரசாங்கம் கதவைச் சாத்திய இடத்தில் சபையின் கல்லூரியாவது திறக்க வேண்டாமா? இந்திய ஆயர்களே 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே பெற்றோர் கூச்சப்படாமல் போக வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குச் சாமியார் கடிதம், வருமானச் சான்றிதழ் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் இடம் எத்தனை, கட்டணச் சலுகை எவ்வளவு என்று கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், ஆகவே எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். பத்து வருடம் ஆபீசில் பைல் கட்டியவன் சொல்கிறேன், முத்திரை விழுந்த காகிதத்தை யாரும் சுலபமாகக் குப்பையில் போடுவதில்லை.

கல்லூரி நடத்தும் சாமியார்களுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு எத்தனை ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளைச் சேர்த்தீர்கள், அதில் எத்தனை பேருக்குக் கட்டணம் தள்ளினீர்கள் என்று பங்குக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். திருமண அறிக்கைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பசை வாங்கக் காசு இல்லை என்றால் பங்கு மக்கள் கொடுக்கிறோம்.