தீர்ப்பு நகல் கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்: எங்கள் நிலைப்பாடு

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை, அந்த வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் கேட்டாலும் காரணம் கேட்காமல் நகல் தர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் தன் விதிகளை அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்று எங்கள் அமைப்பு கோருகிறது.

இன்று வாதியோ பிரதிவாதியோ நகல் மனுவில் வழக்கு எண்ணை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் கொடுத்தால் போதும். மூன்றாம் தரப்பினர் என்றால் எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, அனுமதியும் பெற வேண்டும். மனை வாங்கப்போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொத்தின் மீது பாகப்பிரிவினை வழக்கு நடந்து முடிந்ததாக ஊரில் பேச்சு. தீர்ப்பாணை பதிவாகியிருக்காவிட்டால் வில்லங்கத்தில் அது வராது. இவர் வக்கீல் வைத்து மனுப்போட வேண்டும். இல்லையென்றால் விற்பவர் நீட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டும்.

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்காது. அதன் 6(2) பிரிவு, விண்ணப்பதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறதுதான். ஆனால் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், 2020 மார்ச் 4 அன்று நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த உயர் நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்போடு நாங்கள் மல்லுக்கு நிற்கவில்லை. விதிதான் வழி என்றால் விதியைத் திருத்தலாமே. கீழமை நீதிமன்றங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 227 ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது.

போக்சோ வழக்குகள், பாலியல் வன்முறை வழக்குகள், மூடிய அறையில் நடக்கும் குடும்ப வழக்குகள் ஆகியவற்றில் இப்போதுள்ள கட்டுப்பாடு அப்படியே நீடிக்கட்டும். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு போன்ற சான்றாவணங்களைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே இந்தக் கோரிக்கையைத் தீர்ப்பு, தீர்ப்பாணை, இறுதி உத்தரவு இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். திறந்த மன்றத்தில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்க வாசிக்கப்பட்டவை இவை.

இன்னொன்று, நகல் தருவதற்கான கெடு. சான்றிட்ட நகலில் மனுக் கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாகக் குறித்திருப்பார்கள். காலவரையறைச் சட்டத்தின் 12 ஆவது பிரிவின்படி, நகலுக்காகக் காத்திருந்த நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவில் கழிக்க அது உதவுகிறது. இவ்வளவு துல்லியமாக நாள் குறிக்கும் அலுவலகத்துக்கு 30 நாள் கெடு ஒன்றும் பாரமல்ல. மறுப்பதானால் காரணத்தை அலுவலகம் எழுதித் தரட்டும்.

விதி மாறும்வரை, மூன்றாம் தரப்பாக மனுப்போடுபவர்கள் மின் நீதிமன்றத் தளத்தில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை எடுத்து மனுவில் குறிப்பிடுங்கள். மனு திருப்பப்பட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல், மனுவின் மீதே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.