ஓர் ஈ, நான்கு பெயர்கள்

புதிய உயிரினம் ஒன்று கண்டறியப்பட்டால் அது செய்தியாகிறது. தனித்தனி என்று நம்பப்பட்ட இரண்டு இனங்கள் ஒன்றேதான் என்று தெரியவந்தால் ஆய்விதழோடு நின்றுவிடுகிறது. இந்தப் பாரபட்சம் தவறு. பிரிப்பதைப் போலவே சேர்ப்பதும் கண்டுபிடிப்புதான். 2003-இல் கென்யாவில், அதுவரை ஆப்பிரிக்கா அறியாத ஒரு பழ ஈ பிடிபட்டது. இலங்கையிலும் அது இருந்தது. 2005-இல் அதற்கு ‘பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்’ எனப் பெயரிட்டுப் புதிய இனமாக அறிவித்தார்கள். விரைவிலேயே அது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே பரவி, மாம்பழ ஏற்றுமதியை நெருக்கியது. பெயர் புதிது என்பதால், ஆரஞ்சைக் குளிரூட்டி அதன் புழுக்களைக் கொல்லும் முறையைக்கூடத் தனியே சோதிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2015-இல் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று, இது 1912-இல் தைவான் ஈக்களைக் கொண்டு பூச்சியியலாளர் ஹெண்டல் விவரித்த ‘டார்சாலிஸ்’தான் என்று முடிவு செய்தது. நம் ஊர் மாம்பழத்தில் முட்டையிடும் அதே ஈ. ‘பப்பாயே’, ‘பிலிப்பினென்சிஸ்’ என்ற பெயர்களும் அதற்குள் அடங்கின.

மரபணுவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விலங்குகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கப்படும் மரபணுத் துண்டு, டார்சாலிசையும் அதன் நெருங்கிய உறவான ‘காரம்போலே’யையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. முதுகின் நிறமும் கைவிடுகிறது. இன்வேடன்ஸ் என்று சொல்லப்பட்ட ஈக்களிலேயே அது கருப்பு முதல் செம்பழுப்பு வரை மாறும். கைகொடுத்தது ஈயின் நடத்தை. டார்சாலிஸ் ஆண் ஈ, துளசியிலும் இருக்கும் மெத்தில் யூஜினாலைத் தின்று, மலக்குடல் சுரப்பியில் அதை இரண்டு வாசனைப் பொருள்களாக மாற்றிச் சேமித்து, அந்தி நேரத்தில் பெண்ணை ஈர்க்க வெளிவிடுகிறது. இன்வேடன்சிலும் அதே இரண்டு; காரம்போலேயில் ஒன்று மட்டுமே. இன்வேடன்சையும் டார்சாலிசையும் சேர்த்து விட்டால் தடையின்றி இணைகின்றன, அவற்றின் சந்ததியும் நன்றாக வளர்கிறது. இத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகுதான் பெயர்கள் இணைக்கப்பட்டன. அப்போதும் எல்லா நிபுணர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை, அதில் தப்பில்லை.

விவசாயிக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. தோப்பில் தொங்கும் மெத்தில் யூஜினால் பொறியில் டார்சாலிஸ், காரம்போலே ஆகிய இரண்டு இனத்தின் ஆண்களும் விழும். அங்கே பெயர் தேவையில்லை. ஆனால் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண்களைப் பறக்கவிட்டு ஈக்களைக் குறைப்பதென்றால், காட்டுப் பெண் ஈக்கள் அவற்றோடு இணைய வேண்டும். இனம் மாறினால் செலவு வீண். பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால் எதை நம்புவது என்போரும் உண்டு. சரிபார்த்து மாறும் பெயரைத்தான் நம்பலாம். தென் அமெரிக்காவின் சுரினாமில் 1975-இல் பிடிபட்ட ஈயை முதலில் டார்சாலிஸ் என்றே கருதினார்கள். 1994-இல் காரம்போலே தனி இனமாக விவரிக்கப்பட்ட பிறகே அது என்னவென்று சரியாகத் தெரிந்தது. மூன்று பெயர்களை நீக்கிய அதே 2015 ஆய்வு, காரம்போலேயைத் தனி இனமாகவே விட்டுவைத்தது. புதிய பெயர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் வகைப்பாட்டியலாளர்களுக்கு நிதி தருவோமானால், பழைய பெயர்களைத் திரும்பிப் பார்க்கும் இந்த வேலைக்கு யார் வருவார்கள்?